மூன்று பட்டியல்கள்

சாம்பியன்களின் பட்டியலைப் போல் வறண்ட இலக்கியம் உலகத்தில் வேறொன்று இருக்க முடியாது. ரயில்வே கால அட்டவணையைப் படிப்பதிலாவது ஒரு சுகம் உண்டு. இந்த வண்டியில் ஏறினால் இன்ன ஊரில் இறங்கலாம் என்று கற்பனை ஓடும். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம், கெட்ட நேரமாவது பார்க்கலாம். சாம்பியன்களின் பட்டியலில் என்ன இருக்கிறது? ஒரு வருஷம், ஓர் ஊர், ஒரு பெயர். அவ்வளவுதான்! ஜயித்தவர் அன்றிரவு தூங்கினாரா, தோற்றவர் யாரிடம் போய் ஆறுதல் தேடினார் என்பதெல்லாம் அதில் கிடையாது.

ஆனாலும் பத்திரிகைக்காரனாகப் பிறந்தவன் இத்தகைய பட்டியல்களோடு குடித்தனம் நடத்தித்தான் ஆகவேண்டும். சமீப காலமாக என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வாசம் செய்து வருவது, ஆசிய இறகுப்பந்துச் சாம்பியன் போட்டியில் வென்றவர்களின் பட்டியல். அதை அங்கே வைத்ததற்கு ஒரு குடும்ப விவகாரம் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. ‘பாட்மிண்டன்’ என்றதும் நம்மூர்ப் பெரியவர்களின் கண்முன் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்துதான் வந்து நிற்கும். அது பூப்பந்து, பக்கத்துக்கு 5 பேராக நின்று ஆடுவது, தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று பெருமையோடு சொல்லப்படுவது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. தக்கையிலே 16 இறகுகளைச் செருகி வைத்த, 5 கிராம் எடையுள்ள அந்த அற்பப் பொருளை வலைக்கு மேலே விரட்டி விரட்டி அடிக்கிறார்களே, அந்த இறகுப்பந்து. ‘ஷட்டில்’ என்றால் இன்று குழந்தைகளுக்கும் தெரியும்.

* * *

இந்த ஆட்டத்துக்கும் ஆசியாவுக்கும் உள்ள உறவு ஒரு விநோதமான உறவு. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இதை ஆடிப் பழகி விதிகளை வகுத்துக் கொண்டது நம் பூனா நகரத்தில். ‘பூனா’ என்றே ஒரு காலத்தில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் இருந்தது. ஆனால் 1934-ஆம் வருஷத்தில் சர்வதேச சம்மேளனம் ஒன்று அமைந்ததே, அதில் சேர்ந்த நாடுகள் எவை தெரியுமா? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, டென்மார்க், ஹாலந்து, பிரான்ஸ், கானடா, நியூஸிலாந்து. மொத்தம் 9 நாடுகள். ஆசியாக் கண்டத்திலிருந்து ஒன்றுகூட இல்லை! அடுப்பு மூட்டிய வீட்டுக்காரனுக்கே இலை போடாத கதைதான்.

ஆசியாக்காரர்கள் கோபித்துக் கொள்ளவில்லை, ஆடிக் காட்டினார்கள். நாடுகளுக்கிடையே தாமஸ் கோப்பைப் போட்டி முதன் முதலாக நடந்தபோது, 1949-இல் அந்தக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது மலாயா. இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கை 8-1 என்று துவைத்து எடுத்துவிட்டார்கள். 1952, 1955 ஆகிய வருஷங்களிலும் கோப்பை மலாயாவை விட்டு நகரவில்லை. வோங் பெங் சூன் என்ற மலாயா வீரர் 1950-இல் தொடங்கி நான்கு முறை அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பின் எட்டி சூங் என்பவரும் நான்கு முறை வென்றார்.

இங்கேதான் ஒரு சங்கடம். ஆசியாவில் எவன் சிறந்தவன் என்று தெரிந்து கொள்வதற்கு ஆசியாக்காரன் கப்பலேறி லண்டனுக்குப் போகவேண்டியிருந்தது! போகப் பணம் இருந்தவன் போனான். இல்லாதவன் உள்ளூரிலேயே சூரனாக இருந்துவிட்டுப் போனான். இந்த நிலை மாறவேண்டும் என்று 1959-இல் ஆசிய சம்மேளனம் பிறந்தது. 1962-இல் கோலாலம்பூரில் முதல் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்தது. ஆடவர் ஒற்றையர் பட்டத்தை மலாயாவின் டே கியூ சான் வென்றார். பட்டியலின் முதல் வரி அவருடையது.

இரண்டாவது வரி நம்முடையது.

* * *

1965-ஆம் வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று அந்தக் காலத்து மனிதர்களைக் கேட்டால் சொல்வார்கள். எல்லையில் பாகிஸ்தானோடு யுத்தம்; ஊரில் உணவுத் தட்டுப்பாடு; வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக் கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வேண்டிக்கொண்ட காலம். அந்த வருஷத்தில்தான் லக்னோ நகரத்தில் இரண்டாவது ஆசியப் போட்டி நடந்தது.

அதற்கு முன்னால் இறகுப்பந்தில் இந்தியாவுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு என்றால், அது நந்து நடேகர். 1956-இல் கோலாலம்பூரில் சிலாங்கூர்ப் பட்டத்தை வென்று, வெளிநாட்டு மண்ணில் சர்வதேசப் பட்டம் பெற்ற முதல் இந்திய வீரர் என்று புகழ் பெற்றவர். லக்னோவில் ஜயித்தவரோ பஞ்சாபைச் சேர்ந்த 22 வயது இளைஞர். பெயர் தினேஷ் கன்னா. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் சங்கோப் ரத்தனுசோர்னைத் தோற்கடித்து ஆசியச் சாம்பியன் ஆனார். இந்தியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.

அந்தக் காலத்து ஆட்டத்தில் புள்ளி சேர்ப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை இன்றைய ரசிகர்களுக்குச் சொல்லவேண்டும். ஸர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி என்னதான் உயிரைக் கொடுத்து ஆடி வென்றாலும் ஸர்வீஸ்தான் கைமாறும். பலகையில் எண் ஏறாது. வட்டி கட்டியே வயசான கடன்காரனைப் போல, மணிக்கணக்கில் ஓடினாலும் அசல் அப்படியே நிற்கும். இப்படியே 15 புள்ளி சேர்த்தால் ஒரு ஆட்டம். 2006-இல்தான் இந்த முறை போய், யார் அடித்தாலும் புள்ளி, 21 எடுத்தால் ஆட்டம் என்ற முறை வந்தது.

கன்னாவுக்கு அதே வருஷம் அர்ஜுனா விருது கிடைத்தது. அடுத்த வருஷம் ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்றார். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லாத காலம் அது. லக்னோவில் அன்று அரங்கத்துக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் மறுநாள் பத்திரிகையில் படித்துவிட்டு, விறகு வாங்கப் போனார்கள், ரேஷன் கடைக்குப் போனார்கள்.

அதே லக்னோ போட்டியில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் ஏஞ்சலா பேர்ஸ்டோ என்ற இங்கிலாந்துப் பெண்மணி! ஆசியாவின் பட்டியலில் ஓர் ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று திடுக்கிட வேண்டாம். அந்த முறை வெளிக் கண்டத்தாரையும் ஆடவிட்டிருந்தார்கள். தாங்கள் தொடங்கிய சபையில் இடம் கொடுக்காதவர்களுக்கு, நாம் நம் வீட்டில் பாய் விரித்துப் பட்டமும் கொடுத்து அனுப்பினோம். விருந்தோம்பல் என்றால் இதல்லவா விருந்தோம்பல்!

* * *

பட்டியலில் இன்னும் சில வரிகள் கீழே இறங்கினால், தமிழ்க் கண்களுக்குச் சட்டென்று தட்டுப்படும் ஒரு பெயர் வருகிறது. 1969, மணிலா. ஆடவர் இரட்டையர் பட்டம்: இங் பூன் பீ, பஞ்ச் குணாளன்.

குணாளன்! மலேசியாவில் பெராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் பிறந்தவர். மணிலா வெற்றிக்கு அடுத்த வருஷம் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் ஒற்றையரில் தங்கம். 1971-இல் அதே இங் பூன் பீயோடு சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974-இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையரில் மறுபடியும் தங்கம். அந்த 1974-இல்தான் அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் இந்தோனேஷியாவின் ருடி ஹார்ட்டோனோவோடு மோதி, முதல் ஆட்டத்தை வென்று, மற்ற இரண்டையும் இழந்தார். ஹார்ட்டோனோ அந்தப் பட்டத்தை எட்டு முறை வென்ற மகா சூரர். குணாளன் பிற்காலத்தில் உலக சம்மேளனத்தின் நிர்வாகத்தில் உயர்ந்த பதவி வகித்தார். 2012-இல் காலமானார்.

இன்னும் ஓர் அடி இறங்கினால் 1976, ஹைதராபாத். ஆடவர் ஒற்றையர் பட்டம்: சீனாவின் ஹௌ ஜியாசாங்.

இந்த ஒரு வரிக்குள் ஒரு நாவலே இருக்கிறது. ஹௌ பிறந்தது இந்தோனேஷியாவில், செமாராங் என்ற ஊரில். இளம் பிராயத்தில் சீனாவுக்குப் போனார். ஆட்டத்திலே புலி. ஆனால் சீனா 1981 வரைக்கும் சர்வதேச சம்மேளனத்தில் உறுப்பினர் அல்ல. ஆகையால் அகில இங்கிலாந்துப் போட்டியில் அவர் ஆட முடியாது. தாமஸ் கோப்பையில் ஆட முடியாது. உலகத்தின் பட்டியல்களில் அவருக்கு இடம் இல்லை. வாலிபம் முழுவதையும் கதவுக்கு வெளியே நின்றே கழித்தார். அப்படிப்பட்டவருக்கு ஆசியாதான் கதவைத் திறந்துவிட்டது. 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 1976-இல் நம் ஹைதராபாத்துக்கு வந்து ஆசியச் சாம்பியன் ஆனார். பின்னால் சீனா உலக அரங்கில் நுழைந்தபோது அவர் பயிற்சி ஆசான் ஆகிவிட்டார். அவருடைய சிஷ்யர்கள் உலகத்தை ஜயித்தார்கள்.

ஆசியப் பட்டியல் மட்டும் இல்லாவிட்டால் அந்த மனிதரின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

* * *

கன்னாவுக்குப் பிறகு நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

1971-இல் ஜகார்த்தாவில் தீபு கோஷ், ராமன் கோஷ் என்ற சகோதரர்கள் இரட்டையரில் வெண்கலம் பெற்றார்கள். பிரகாஷ் படுகோன் 1980-இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தையே வென்று திரும்பினார். ஆனால் ஆசியப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. சாய்னா நேவால் 2010, 2016, 2018 ஆகிய மூன்று வருஷங்களில் அரை இறுதி வரை வந்து வெண்கலத்தோடு திரும்பினார். பி.வி. சிந்து 2014-லும் 2022-லும் வெண்கலம் பெற்றார். இதே சிந்து 2019-இல் ஸ்விட்சர்லாந்தில் உலகச் சாம்பியன் ஆனவர் என்பதை நினைத்துப் பாருங்கள். உலகத்தை வென்றவருக்கு ஆசியாவில் வெண்கலமா?

ஆம், அதுதான் இந்தப் போட்டியின் விசேஷம். உலகப் போட்டியிலே முதல் சுற்றில் எங்கோ ஒரு சின்ன நாட்டுக்காரர் அகப்படலாம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆசியப் போட்டியில் சீனா, இந்தோனேஷியா, மலேசியா, கொரியா, ஜப்பான், தாய்லாந்து என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு வேங்கை உட்கார்ந்திருக்கும். மலேசியாவின் லீ சோங் வெய் 2006-இல் தம் 23-வது வயதில் ஆசியச் சாம்பியன் ஆனார். மறுபடியும் அந்தப் பட்டம் அவர் கைக்கு வர 10 வருஷம் பிடித்தது. 2016-இல், 33 வயதில், சீனாவின் வூஹான் நகரிலேயே போய், அரை இறுதியில் லின் டானையும் இறுதியில் சென் லாங்கையும் வீழ்த்தி வாங்கி வந்தார். அந்த லின் டான் நான்கு முறை ஆசியச் சாம்பியன். முதல் முறை வென்றது 2010-இல், நம் டில்லியில்.

கடைசியில் 2023 ஏப்ரல் 30-ஆம் தேதி துபாயில் அந்த நாள் வந்தது. ஆந்திராவின் அமலாபுரத்துப் பிள்ளை சாத்விக்சாய்ராஜும் பம்பாய்ப் பிள்ளை சிராக் ஷெட்டியும் இரட்டையர் இறுதி ஆட்டத்தில் மலேசியாவின் ஓங் யூ சின், தியோ ஈ யி ஜோடியை எதிர்த்து நின்றார்கள். முதல் ஆட்டத்தில் 16-21 என்று தோற்றார்கள். அடுத்ததை 21-17 என்று மீட்டார்கள். மூன்றாவது ஆட்டம் 21-19. இரண்டே புள்ளி! லக்னோவுக்கும் துபாய்க்கும் நடுவே ஓடிய 58 வருஷங்களை அந்த இரண்டு புள்ளிகள் முடித்து வைத்தன.

* * *

இனிக் குடும்ப விவகாரம்.

மதுரையில் என் அக்கா இருக்கிறாள். அத்தானுக்கு மளிகைக் கடை. ஒரே பெண், பத்தாவது படிக்கிறாள். வீட்டில் ‘பாப்பா’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

“தம்பி, உன் மருமக காலையில அஞ்சு மணிக்கே பேட்டைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுறா. அத்தானுக்குப் பிடிக்கலை. நீதான் பத்திரிகையில எழுதுறவனாச்சே. ஒரு நடை வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

நாலு வார்த்தையை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அத்தான் சண்டைக்காரர் அல்ல. கணக்குக்காரர். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு, பேரேட்டை எடுத்து விரித்தார். மிளகு, சீரகம், துவரம் பருப்பு எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்கியிருப்பதுபோல் அதிலே பாப்பாவின் ஷட்டிலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

“பாருங்க மாப்பிள்ளை. காக் ஒரு டப்பா, பன்னெண்டு உருப்படி. ஒரு வாரம் தாங்க மாட்டேங்குது. அரிசி மூட்டையில ஓட்டை விழுந்தா கோணி ஊசி வச்சுத் தைக்கலாம். இறகு பிஞ்சா என்னத்தை வச்சுத் தைக்கிறது? ஷூ ஒரு ஜோடி. பேட்டுக்கு நரம்பு மாத்தின கூலி. கோச்சிங் ஃபீஸ். வெளியூர்ப் போட்டிக்கு பஸ் சார்ஜு. கூட்டிப் பாருங்க.”

கூட்டிப் பார்த்தேன். லேசான தொகை அல்ல.

நான் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு லக்னோ கதையை ஆரம்பித்தேன். கன்னாவைச் சொன்னேன். குணாளனைச் சொன்னேன். ஹௌவைச் சொன்னேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். மீனாட்சி அம்மன் கோயில் உபந்நியாசத்துக்குக்கூட அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

“கன்னா ஜெயிச்சது எந்த வருஷம்?”

“1965.”

“அதுக்கப்புறம் நம்மாளு எப்போ ஜெயிச்சான்?”

“2023.”

காதில் இருந்த பென்சிலை எடுத்துப் பேரேட்டின் ஓரத்தில் கழித்தார். “அம்பத்தெட்டு வருஷம். இந்த அம்பத்தெட்டு வருஷத்துல இந்தியா முழுக்க எத்தனை பிள்ளைங்க பேட்டைத் தூக்கியிருக்கும்? லட்சக்கணக்குல இருக்காதா? அந்தப் பட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூணே பேரு. மாப்பிள்ளை, கடையில ஒரு சரக்கு இப்படிப் போச்சுன்னா நான் அதை வாங்கி அடுக்குவேனா? நீங்களே சொல்லுங்க.”

உள்ளேயிருந்து அக்கா காபி கொண்டு வந்து வைத்தாள். பாப்பா கதவு மறைவில் நிற்பது தரையில் விழுந்த நிழலில் தெரிந்தது.

* * *

மறுநாள் விடியுமுன் பாப்பாவோடு நானும் கிளம்பினேன். தகரக் கொட்டகை போட்ட ஒரு பெரிய கூடம். உள்ளே மூன்று கோர்ட்டுகள். பையன்களும் பெண்களுமாக இருபது பேர் கயிறு தாண்டிக் கொண்டிருந்தார்கள். ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள், காற்று அடித்தால் காக் பாதை மாறிவிடும். அதனால் உள்ளே வேர்வைக்குப் பஞ்சமில்லை.

பாப்பா அவளைவிட இரண்டு வயது மூத்த ஒரு பெண்ணோடு ஆடினாள். அந்தப் பெண் உயரம். அடி ஒவ்வொன்றும் இடிபோல் இறங்கிற்று. பாப்பா ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். 21-16 என்று தோற்றாள். கை குலுக்கிவிட்டு நேரே தன் பைக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள்.

“என்னம்மா எழுதுறே?”

“கணக்கு, மாமா.”

வாங்கிப் பார்த்தேன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது! வரிசையாகத் தேதி, எதிராளி, புள்ளி. எல்லாம் அந்த உயரமான பெண்ணோடு ஆடியவை. 21-9 தோல்வி. 21-8 தோல்வி. 21-11 தோல்வி. 21-10 தோல்வி. 21-13 தோல்வி. கடைசி வரி, மை காயாமல்: 21-16 தோல்வி. அந்தப் பக்கத்தில் ஒரு வெற்றிகூட இல்லை.

“எல்லாமே தோத்ததாத்தானே இருக்கு?” என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவரா இவர் என்று சந்தேகிப்பது போன்ற பார்வை. “இந்தப் பக்கத்து நம்பரைப் பாருங்க மாமா. ஒன்பது, பதினாறு ஆயிருக்குல்ல?”

அன்றிரவு அந்த நோட்டை அத்தானின் பேரேட்டின் மேல் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். பாதியில் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ கழித்துப் பார்த்தார்.

“நடுவுல ரெண்டு தடவை கீழே போயிருக்கு,” என்றார்.

“ஆமாம்.”

“ஆனா சரக்கு ஏறுமுகமாத்தான் இருக்கு.”

பிறகு வெகு நேரம் பேசவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார். பரீட்சை மாசத்தில் ஆட்டம் கிடையாது. பயிற்சிக்குப் பாதி நாள் நைலான் காக், பாதி நாள்தான் இறகு. அடுத்த சித்திரையில் புதுக் கணக்கு எழுதும்போது பேசிக்கொள்ளலாம். இதுதான் தீர்ப்பு. ஜயம் என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. பழைய ஆட்டத்தில் சொல்வதுபோல், ஸர்வீஸ் கைமாறியிருக்கிறது. புள்ளி இன்னும் ஏறவில்லை. சித்திரையில் அத்தான் என்ன சொல்வார் என்பது மீனாட்சி அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

* * *

அத்தானுடைய கணக்கில் பிழை இல்லை. 58 வருஷத்தில் மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். உழைத்தால் யாரும் சாம்பியன் ஆகலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்வது, லாட்டரிச் சீட்டு விற்பதைவிடப் பெரிய பாவம்.

சில சமயம் அதிசயமும் நடக்கும். 2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலம் நகரில் ஆசியக் குழுப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் இறுதியில் தாய்லாந்தோடு 2-2 என்று சரிசமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்துக்குக் களம் இறங்கியவள் அன்மோல் கார்ப் என்ற 17 வயதுப் பெண். உலகத் தரவரிசையில் அவளுடைய இடம் 472. ஜயித்துக் கொடுத்தாள், இந்தியப் பெண்கள் முதன் முறையாக ஆசியக் குழுச் சாம்பியன் ஆனார்கள். அப்படியும் நடக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் மளிகைக் கடையை அடமானம் வைக்கக்கூடாது.

அப்படியானால் அந்த லட்சம் பேர் பேட்டைத் தூக்கியது வீணா?

இந்தக் கேள்விக்கு விடை பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்கிறது. ஒற்றையர் போட்டியில் 32 பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். சாம்பியன் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் ஜயிக்கிறார். மற்ற 31 பேரும் ஆளுக்கொரு முறை தோற்கிறார்கள். ஒரு வரி எழுதுவதற்கு 31 தோல்வி வேண்டியிருக்கிறது. லக்னோவில் ரத்தனுசோர்ன் வந்து நின்றதால்தான் கன்னா ஆசியச் சாம்பியன். துபாயில் அந்த மலேசிய ஜோடி 19 புள்ளி வரைக்கும் விடாமல் துரத்தி வந்ததால்தான் நம் பிள்ளைகளின் 21-க்கு அவ்வளவு மதிப்பு. மதுரையில் அந்த உயரமான பெண் நாளைக்கு எவ்வளவு தூரம் போவாளோ, தெரியாது. ஆனால் அவளை எட்டு, ஒன்பது என்று சும்மா விடாமல் பதினாறு வரைக்கும் ஓட விடுகிறவள் எங்கள் பாப்பா. அந்தப் பெண் ஏறுகிற ஏணியில் ஒரு படி எங்கள் வீட்டுப் படி.

பட்டியலில் இரண்டு வருஷங்கள் விட்டுப் போயிருக்கின்றன. 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் இந்தப் போட்டி வூஹான் நகரில் நடந்தது. 2020-லும் அங்கேதான் நடப்பதாக இருந்தது. அந்த ஊரின் பெயரை உலகம் அந்த வருஷம் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்துகொண்டது. போட்டியை மணிலாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள், அங்கும் முடியவில்லை. 2020-இல் போட்டி இல்லை, 2021-லும் இல்லை. சூரர்கள் எல்லாரும் அப்போதும் இருந்தார்கள், பலம் இருந்தது, வயசு இருந்தது. இருந்தும் அந்த இரண்டு வருஷங்களுக்கு ஆசியாவில் ஒரு சாம்பியனும் கிடையாது.

தோற்பதற்கு ஆள் வராத வருஷத்தில், ஜயிப்பதற்கும் ஆள் இல்லை.